மின்னஞ்சலில் கொடுக்கல் வாங்கல்

தபால் கார்டில் சரக்குக் கேட்டு எழுதிய காலம் நம் சங்கத்து மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். கார்டு கைக்கு வந்ததும் கீழே போட்டிருக்கும் கையெழுத்தைத் தேட வேண்டியதில்லை. விலாசம் எழுதியிருக்கும் எழுத்தின் சாய்வைப் பார்த்தே, இது இன்ன மண்டிக் கணக்கப்பிள்ளையின் கை என்று சொல்லிவிடுவோம். அவசரம் என்றால் தந்தி அடிப்போம். ட்ரங்கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்போம். தந்தி 2013 ஜூலை மாதத்தோடு நின்றுபோயிற்று. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கத் தொடங்கியபோது, அது நம் பருப்பு மண்டிக்கும் மளிகைக் கடைக்கும் வந்து சேரும் என்று எண்ணியவர்கள் குறைவு. இன்று விலையை வாட்ஸ்அப்பில் பேசினாலும், பில், லாரி ரசீது, வங்கி விவரம், வரி நோட்டீஸ் என்று வரும்போது மின்னஞ்சலுக்குத்தான் வருகிறோம்.

தபால் கார்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மின்னஞ்சலில் கை தெரியாது. லாத்தூர் மில் மேனேஜர் தட்டினாலும் எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடன் தட்டினாலும் திரையில் வருவது ஒரே அச்செழுத்துதான். கை தெரியாத கடிதத்தில் எதிரே இருப்பவரை நாம் எப்படி அடையாளம் காண்பது, நம்மை அவர் எப்படி அடையாளம் காண்பது என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை. மின்னஞ்சலில் பாதுகாப்பு வேறு, மரியாதை வேறு என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பதை நான் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் கடையில் நடந்தது

2019ஆம் ஆண்டு. விருதுநகரில் எங்கள் கடைக்குத் துவரம்பருப்பு லாத்தூரிலிருந்து வரும். அங்கே ஒரு மில்லோடு பல வருடப் பழக்கம். தரகர் மூலம் விலை முடிப்போம்; பில்லும் லாரி ரசீதும் மின்னஞ்சலில் வரும்; சரக்கு இறங்கி ஏழு நாளைக்குள் பணம் போட்டால் ரொக்கத் தள்ளுபடி. அந்த முறை 120 மூட்டை, அதாவது 60 குவின்டால், குவின்டால் 8,100 ரூபாய். பில் தொகை 4,86,000 ரூபாய்.

வியாழக்கிழமை சரக்கு இறங்கியது. வெள்ளிக்கிழமை மாலை மில்லிலிருந்து ஒரு மின்னஞ்சல். எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடக்கிறது; ஆகவே இந்தப் பில்லுக்கான பணத்தை மட்டும் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தவும் என்று எழுதியிருந்தது. பில் நம்பர் சரி. மூட்டை எண்ணிக்கை சரி. லாரி நம்பர் கூடச் சரியாக இருந்தது. முந்தைய கடிதங்கள் எல்லாம் அதன் கீழேயே தொடர்ச்சியாக இருந்தன. இத்தனையும் சரியாக இருக்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்?

எங்கள் கணக்கப்பிள்ளைக்கு வந்தது. முப்பது வருடம் பேரேடு எழுதியவர் அவர். ஆனால் மில்லுக்குப் போன் செய்யவில்லை. காரணத்தைப் பின்னால் அவரே சொன்னார்: அங்கே போன் எடுப்பவர் இந்தியில் பேசுவார், இவருக்கு இந்தி தெரியாது, கூச்சம். ஆகவே அதே மின்னஞ்சலுக்குப் பதில் போட்டு, “புதிய கணக்கு எண்ணை உறுதி செய்யவும்” என்று கேட்டார். பத்தே நிமிடத்தில், “உறுதி செய்கிறோம், இன்றே செலுத்தினால் நலம்” என்று பதில் வந்துவிட்டது.

நான் மறுநாள் கோவில்பட்டியில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். ஆர்.டி.ஜி.எஸ். அனுப்புவதற்குக் கையெழுத்துப் போட்ட செக்கைக் கடையில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். கெட்டிமேளச் சத்தத்தில் போன் வந்தது. “முதலாளி, லாத்தூர்க்காரங்க கணக்கு எண் மாறியிருக்காம். மெயில்லயே கேட்டு உறுதி பண்ணிட்டேன். போட்டுடவா?” என்றார். “போடுங்க” என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

புதன்கிழமை தரகர் போன் செய்தார். “அண்ணாச்சி, மில்லுல பணம் இன்னும் வரலேங்கிறாங்களே, திங்கக்கிழமையே மெயிலு போட்டாங்களாம், நீங்க பதிலே போடலயாம்.” எங்களுக்கு அப்படி ஒரு கடிதமே வரவில்லை. வங்கிக்கு ஓடினோம். வடமாநில ஊர் ஒன்றில் இருந்த அந்தக் கணக்கில் பணம் விழுந்து, அன்றைக்கே எடுக்கப்பட்டிருந்தது. போலீஸில் புகார் கொடுத்தோம். பணம் திரும்பவில்லை.

மில் முதலாளி ஒன்று சொன்னார், அதை மறக்க மாட்டேன். “பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். என்னிடம் ஒரு போன் செய்து கேட்க உங்களுக்கு என்ன தடை?” என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. பணத்தை இரண்டாவது முறை செலுத்தினோம். அறுபது நாள் தவணை கொடுத்தார், வட்டி வாங்கவில்லை. தரகர் நடுவில் நின்று இரு பக்கமும் பேசியிராவிட்டால் பல வருடப் பழக்கம் அந்த வாரமே முறிந்திருக்கும். ஏனென்றால் தொடக்கத்தில் அவர்கள் எங்களைச் சந்தேகப்பட்டார்கள். நாங்கள் அவர்கள் மில் குமாஸ்தாவைச் சந்தேகப்பட்டோம்.

உண்மையில் ஓட்டை எங்கள் வீட்டில்தான் இருந்தது. இன்ஜினீயரிங் படிக்கும் என் மைத்துனர் மகன் வந்து கம்ப்யூட்டரில் எங்கள் ஜிமெயிலைத் திறந்து, செட்டிங்ஸ் பகுதிக்குப் போய்க் காட்டினான். ‘ஃபார்வர்டிங்’ என்ற இடத்தில் யாரோ ஒருவருடைய விலாசம் இருந்தது. எங்களுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் தானாகவே அங்கே போய்க்கொண்டிருந்தது. ‘ஃபில்டர்’ என்ற இடத்தில் இன்னொரு ஏற்பாடு: மில்லின் உண்மையான விலாசத்திலிருந்து வருவது எங்கள் கண்ணில் படாமல் நேரே குப்பைக்கூடைக்குப் போக வேண்டும் என்று. திங்கட்கிழமைக் கடிதம் அங்கேதான் கிடந்தது. பாஸ்வேர்டு? கடைப் பெயரும் கடைப் போனின் கடைசி நான்கு எண்களும். இரண்டும் எங்கள் பெயர்ப் பலகையிலேயே இருக்கின்றன.

திருடனுடைய கடிதம் வந்த விலாசத்தையும் அவன் பெரிதாக்கிக் காட்டினான். மில் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து ‘எம்’. அந்த இடத்தில் ‘ஆர்’, ‘என்’ என்ற இரண்டு சிறிய எழுத்துகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள். திரையில் சாதாரண அளவில் பார்த்தால் ‘எம்’ போலவே தெரிகிறது. கணக்கப்பிள்ளை ‘உறுதி செய்யவும்’ என்று எழுதியது அந்த விலாசத்துக்குத்தான். திருடனிடமே, நீ திருடனா என்று கேட்டிருக்கிறோம்.

இதைச் சொல்லும்போது சிலர், கிராமத்துக் கடைக்காரர்கள்தான் இப்படி ஏமாறுவார்கள் என்கிறார்கள். அப்படியல்ல. தைவான் நாட்டு குவான்டா என்ற கம்ப்யூட்டர் உற்பத்தி நிறுவனத்தின் பெயரிலேயே வேறொரு நாட்டில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, போலி மின்னஞ்சலும் பில்லும் அனுப்பி, கூகுள், ஃபேஸ்புக் ஆகிய இரண்டு நிறுவனங்களிடமிருந்தே 10 கோடி டாலருக்கு மேல் கறந்திருக்கிறார் லிதுவேனியா நாட்டுக்காரர் ஒருவர். 2013 முதல் 2015 வரை நடந்த இந்த மோசடிக்கு 2019 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யிடம் 2023ஆம் ஆண்டில் மட்டும் இவ்வகைப் புகார்களில் பதிவான இழப்பு சுமார் 290 கோடி டாலர். மின்னஞ்சல் தொழிலையே நடத்துகிறவர்கள் ஏமாந்த இடத்தில் நாம் எம்மாத்திரம்!

போன் செய்வது அவமதிப்பு அல்ல

வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று எந்தக் கடிதம் வந்தாலும், அனுப்பியவர் அண்ணன் தம்பியே ஆனாலும், போனில் பேசாமல் பணம் போடக் கூடாது. பேச வேண்டிய எண், அந்தக் கடிதத்தில் உள்ள எண் அல்ல. திருடன் கணக்கு எண்ணை மாற்றும்போது போன் எண்ணையும் மாற்றியிருப்பான். பேரேட்டில் பழைய நாளிலிருந்து எழுதியிருக்கும் எண்ணுக்கு, தெரிந்த குரலோடு பேச வேண்டும். அவர் வாயால் கணக்கு எண்ணைச் சொல்லச் சொல்ல வேண்டும். நாம் படித்துக் காட்டி ‘சரிதானே’ என்று கேட்கக் கூடாது. அவசரத்தில் இருப்பவர் எதற்கும் ‘சரி சரி’ என்றுதான் சொல்வார்.

எங்கள் கடையில் இப்போது ஒவ்வொரு பார்ட்டியின் பேரேட்டுப் பக்கத்தின் தலையிலும் கணக்கு எண், பேச வேண்டியவர் பெயர், போன் எண், அவர் பேசும் மொழி நான்கையும் எழுதி வைத்திருக்கிறோம். மொழியைச் சேர்த்தது கணக்கப்பிள்ளையின் யோசனை. அவர் இந்தியில் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதி மனப்பாடம் செய்திருக்கிறார்: “உங்கள் கணக்கு எண்ணை ஒரு முறை சொல்லுங்கள்.” எண்கள் இந்தியில் தெரியும், பருப்பு வியாபாரிக்கு அது தெரியாமல் முடியுமா?

வங்கியில் பெயரைச் சரிபார்ப்பார்களே என்று ஒரு கேள்வி எழலாம். நாம் படிவத்தில் மில்லின் பெயரைத்தான் எழுதியிருந்தோம். ஆனால் ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் இரண்டிலும் பணம் வரவு வைக்கப்படுவது கணக்கு எண்ணைப் பார்த்துத்தான். பெயரைப் பார்த்து அல்ல. இது நம்மில் பலருக்கு இன்னும் தெரியாது. நல்ல வேளையாக, 2025 ஏப்ரல் 1க்குள் எல்லா வங்கிகளும் பணம் அனுப்புமுன் அந்தக் கணக்கு யார் பெயரில் உள்ளது என்று காட்டும் வசதியைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. கிளைக்கு நேரில் போனாலும் கேட்கலாம். கேளுங்கள். ஆனால் மில்லின் பெயரைப் போலவே இன்னொரு பெயரில் கணக்குத் தொடங்குவது திருடனுக்கு முடியாத காரியம் அல்ல. ஆகவே பெயரைப் பார்த்த பின்னும் போன் செய்ய வேண்டியதுதான்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால், முதலில் செய்ய வேண்டியது 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்வது. மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஏற்பாடு இது. 2019இல் எங்களுக்கு இந்த எண் கிடையாது. புகார் சொன்னதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போய், எடுக்கப்படாமல் மீதமிருக்கும் தொகையை நிறுத்தி வைக்க வழி உண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வெளியில் தெரிந்தால் அவமானம் என்று இரண்டு நாள் மறைத்து வைத்தால் நிறுத்தி வைக்க அங்கே ஒன்றும் இருக்காது. நம் வங்கி மேலாளருக்கும் அன்றே எழுத்து மூலம் கொடுத்துவிட வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி இது மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம்.

நம் கடிதம் எப்படி இருக்க வேண்டும்

இனி நம் பக்கத்துக் குறைக்கு வருகிறேன். திருடனுடைய கடிதத்தை நாங்கள் நம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிஜமான கடிதங்களே ஒழுங்காக இருந்ததில்லை! எங்கள் கடையிலிருந்து ஒரு நாள் என் விலாசத்திலிருந்து போகும். ஒரு நாள் கடைப் பையனின் விலாசத்திலிருந்து போகும். விஷயம் எழுத வேண்டிய வரி காலியாக இருக்கும். கீழே பெயர் இருக்காது. “பணம் போட்டாச்சு பார்க்கவும்” என்று மொட்டையாக ஒரு வரி. எந்தப் பணம், எந்தப் பில்? வாங்கியவர் தேடட்டும்! மில்காரர்களும் இப்படித்தான். எல்லாக் கடிதமும் ஒழுங்கில்லாமல் இருந்தால், போலி எது என்று எப்படித் தெரியும்? தினமும் ஒரே மாதிரி எழுதுகிறவர் ஒரு நாள் மாற்றி எழுதினால் அது உடனே உறுத்தும்.

ஆகவே ஒரே விலாசம், ஒரே முறை. விஷய வரியில் கடைப் பெயர், பில் நம்பர், தேதி. ஒரு கடிதத்தில் ஒரு விஷயம். இந்த மூட்டைக்குப் பணமும், போன மூட்டையில் எடைக் குறைவும், அடுத்த மூட்டைக்கு விலையும் ஒன்றாக எழுதினால், படிப்பவர் ஒன்றுக்குப் பதில் எழுதி மற்ற இரண்டையும் மறந்துவிடுவார். பிறகு நமக்குக் கோபம் வரும். கீழே எழுதியவர் பெயரும் பொறுப்பும் இருக்கட்டும். கடிதம் வந்து சேர்ந்தது என்று அன்றைக்கே ஒரு வரி எழுதிவிடுவது பெரிய மரியாதை. பதில் வராத நம் விற்பனையாளர், வந்ததோ வரவில்லையோ என்று எத்தனை முறை தன் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பார்! அந்தத் திங்கட்கிழமைக் கடிதத்துக்கு நாங்கள் வழக்கமாகப் பதில் போடுகிறவர்களாக இருந்திருந்தால், பதில் இல்லாததைக் கண்டு மில்காரர்கள் அன்றே போன் செய்திருப்பார்கள். நாங்கள் எப்போதுமே பதில் போடாதவர்கள். அதனால் அவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

‘சி.சி.’, ‘பி.சி.சி.’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. நம்மவர்களுக்கு இது புதிதல்ல. பில் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து நகல் எடுப்போமே, அந்தக் கார்பன் நகல்தான் ‘சி.சி.’ யார் யாருக்கு நகல் போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். ‘பி.சி.சி.’ என்றால் நகல் போனது மற்றவர்களுக்குத் தெரியாது. மொத்த வியாபாரிகள் விலைப் பட்டியலைப் பல கடைகளுக்கு அனுப்பும்போது விலாசங்களை ‘பி.சி.சி.’யில்தான் போட வேண்டும்.

எனக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர் தம் பட்டியலை 140 சில்லறைக் கடைகளுக்கு அனுப்பினார். அத்தனை விலாசங்களும் மேலே பகிரங்கமாக. இருபது வருடம் நடையாக நடந்து சேர்த்த வாடிக்கையாளர் பட்டியல் ஒரே தட்டலில் போட்டிக்காரர் கைக்குப் போயிற்று. அதைவிட வருத்தமானது அடுத்து நடந்தது. ஒரு சிறு கடைக்காரர், தமக்கு மட்டும் வந்த கடிதம் என்று நினைத்து, ‘எல்லோருக்கும் பதில்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டார். பழைய பாக்கி 38,000 ரூபாயை மகளின் பிரசவம் முடிந்த பின் தருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். 140 கடைகளுக்கும் போயிற்று. மறுநாளிலிருந்து மற்ற மண்டிகளிலும் அவருக்குக் கடன் சரக்குக் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. தவறு யாருடையது? பொத்தானை அழுத்தியவர் மேல் எல்லோரும் பழி போட்டார்கள். விலாசங்களைத் திறந்து வைத்தவர் மேல்தான் நான் போடுவேன்.

கோபத்தில் எழுதிய கடிதமும் இப்படித்தான். சரக்கில் கலப்படம் இருந்தால் போனில் சண்டை போடுங்கள். குரல் தணிந்ததும் சண்டை போய்விடும். எழுத்தில் போட்டால் பத்து வருடம் கழித்தும் திறந்து படிக்கலாம். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்ப இழுக்கும் வசதி உண்டு. ஆனால் அதிகபட்சம் 30 வினாடிதான். நம் கோபம் அதற்குள் ஆறுவதில்லை.

‘சரி’, ‘உறுதி’ என்ற சொற்களையும் யோசித்து எழுத வேண்டும். இது வெறும் மின்னஞ்சல்தானே, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லையே என்று நினைத்துவிடக் கூடாது. டிரைமெக்ஸ் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் ஆஸ்திரேலியாவிலிருந்து பாக்சைட் தாது தருவதாக 2007 அக்டோபரில் வேதாந்தா அலுமினியம் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் விலை எழுதியது. ஐந்து கப்பல் சரக்குக்கு மின்னஞ்சலிலேயே சம்மதம் வந்தது. பிறகு வாங்குகிறவர் பின்வாங்கி, முறையான ஒப்பந்தப் பத்திரம் கையெழுத்தாகவில்லை என்றார். உச்ச நீதிமன்றம் 2010 ஜனவரியில், மின்னஞ்சல்கள் மூலமே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று தீர்ப்பளித்தது. ஆகவே விலை விசாரிக்கும் கடிதத்தில், “இது விசாரணை மட்டுமே, ஆர்டர் அல்ல” என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. இதனாலேயே கணக்கு முடியும் வரை கடிதங்களை அழித்துவிடாமல் வைத்திருக்கவும் வேண்டும். வழக்கு என்று போனால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி உரிய சான்றிதழோடுதான் அவற்றைத் தாக்கல் செய்ய முடியும். வக்கீலிடம் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

விலாசம் யாருடையது?

நம் உறுப்பினர்கள் பலரிடம், ஜி.எஸ்.டி. பதிவில் கொடுத்திருக்கும் மின்னஞ்சல் விலாசம் எது என்று கேட்டால், “அது ஆடிட்டர் ஆபீஸ்ல கொடுத்ததுங்க” என்கிறார்கள். 2017இல் அவசர அவசரமாகப் பதிவு செய்தபோது, கணக்கு எழுதிக் கொடுத்தவரே தம் விலாசத்தையும் போன் எண்ணையும் போட்டு முடித்திருப்பார். அன்று அது உதவி. ஆனால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169ஆம் பிரிவு, பதிவில் கொடுத்த மின்னஞ்சல் விலாசத்துக்கு அனுப்பினாலே நோட்டீஸ் சார்வு செய்யப்பட்டதாகக் கொள்ளலாம் என்கிறது. அவர் தொழிலை விட்டுவிட்டாலோ, நாம் ஆளை மாற்றிவிட்டாலோ, நமக்கு வரும் நோட்டீஸ் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்துகொண்டிருக்கும். பதில் இல்லை என்று ஒருதலையாக உத்தரவு போடுவார்கள். வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

போர்ட்டலில் நாமே இதைத் திருத்திக்கொள்ளலாம். பழைய விலாசத்தையும் போனையும் எட்டவே முடியாவிட்டால், நம் சரக அதிகாரியிடம் அடையாளச் சான்றுகளோடு போனால் மாற்றித் தருவார்கள். ஆடிட்டருக்குத் தகவல் போக வேண்டுமே என்றால், நம் விலாசத்திலிருந்து அவருக்கு அனுப்புவோம். பெட்டி நம்முடையது, நகல் அவருடையது என்று இருக்கட்டும்.

கடை விலாசமும் அப்படித்தான். வேலை பார்க்கும் பையனின் சொந்த ஜிமெயிலில் கடை வியாபாரம் நடந்தால், அவன் வேலையை விட்டுப் போகும் நாளில் நம் கடிதங்களும் அவனோடு போகும். அவன் மேல் குற்றம் இல்லை. அவன் விலாசம் அவனுடையது. கடைக்கென்று தனி விலாசம் தொடங்கி, ஆள் மாறும்போதெல்லாம் கல்லாப்பெட்டிச் சாவியை வாங்குவதுபோல் பாஸ்வேர்டையும் மாற்றிவிட வேண்டும். பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். பெயர்ப் பலகையில் உள்ள எதுவும் அதில் வேண்டாம். இரண்டு கட்டச் சரிபார்ப்பு என்ற வசதியை முதலாளியின் போனோடு இணைத்து வையுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பாஸ்வேர்டை மாற்றினாலே திருடன் வெளியே போய்விட்டான் என்று நினைக்க வேண்டாம். அவன் போட்ட ‘ஃபார்வர்டிங்’ அப்படியே இருக்கும். செல்போனில் உள்ள ஜிமெயிலில் அது தெரியாது. கம்ப்யூட்டரில் திறந்துதான் ‘ஃபார்வர்டிங்’, ‘ஃபில்டர்ஸ்’ இரண்டு இடங்களையும் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை, பேரேட்டை மொத்தம் போடும் நாளில் இதையும் பார்த்துவிடலாம்.

இணைப்பாக வரும் கோப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேட்காத பில், போடாத ஆர்டருக்கு ரசீது, பூட்டிய கோப்பு, திறக்க உங்கள் மின்னஞ்சல் பாஸ்வேர்டைக் கேட்கும் பக்கம் ஆகிய எதையும் திறக்காதீர்கள். வருமான வரி நோட்டீஸ் என்று வந்தால் பதற வேண்டாம். 2019 அக்டோபர் 1 முதல் அத்துறை அனுப்பும் கடிதங்களுக்கு ஆவண அடையாள எண் ஒன்று உண்டு. அத்துறையின் இணையதளத்தை நாமே திறந்து அந்த எண்ணைக் கொடுத்து, உண்மையா என்று பார்த்துக்கொள்ளலாம். கடிதத்தில் உள்ள இணைப்பைத் தட்டிப் போகக் கூடாது.

எங்கள் பில்களின் அடியில் இப்போது இரண்டு வரிகள் அச்சடித்திருக்கிறோம்: “எங்கள் வங்கிக் கணக்கு எண்ணை மின்னஞ்சல் மூலம் மட்டும் மாற்றித் தெரிவிக்க மாட்டோம். அப்படிக் கடிதம் வந்தால் கடைக்குப் போன் செய்து முதலாளியிடம் கேட்கவும்.” லாத்தூர் மில்காரர்களுக்கும் ஒரு பில்லை அனுப்பி வைத்தோம். அவர்களும் தங்கள் பில்லில் அதே கருத்தை இந்தியிலும் ஆங்கிலத்திலும் போட்டுவிட்டார்கள்.

சென்ற ஆண்டு அவர்கள் உண்மையிலேயே வங்கியை மாற்றினார்கள். மேனேஜரே முதலில் போன் செய்து சொன்னார். பிறகு ரத்து செய்த செக் ஒன்றை இணைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. இவ்வளவுக்கும் பிறகு எங்கள் கணக்கப்பிள்ளை பேரேட்டைத் திறந்து, தலைப்பில் உள்ள எண்ணைப் பார்த்துப் போன் போட்டு, மனப்பாடம் செய்து வைத்திருந்த அந்த ஒற்றை இந்தி வாக்கியத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் மேனேஜர் சிரித்தது என் மேஜை வரை கேட்டது. சிரித்துவிட்டு, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இவர் பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டார்.